கப்பல் போட்ட காசு

"எம்பொண்ணு காசு சேக்குறா" என்று அப்பா யாரிடமாவது பெருமையாகச் சொன்னால், கேட்பவர்கள் உண்டியலை நினைத்துக்கொண்டு என்னைப் பாராட்டுவார்கள். இந்த வயசிலேயே எவ்வளவு பொறுப்பு என்பார்கள். நான் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் கடையில் கொடுத்தால் ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாத, பல நூறு வருஷங்களுக்கு முன்னாலேயே செல்லாமல் போய்விட்ட காசுகள் என்று தெரிந்ததும் அவர்கள் முகம் லேசாகச் சுருங்கும். அம்மாவின் முகம் ஆரம்பத்திலிருந்தே சுருங்கித்தான் இருந்தது. பெண் பிள்ளை துரு பிடித்த சாமானை மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் எங்கள் காயலாங்கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வீட்டுக்குப் போவதென்றால் கடைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். ஒரு பக்கம் அட்டைப்பெட்டிகள் மலையாகக் கிடக்கும். இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் டிரம்கள், இரும்பு, அலுமினியம். சுற்றிலும் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் பழைய வீடுகளை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட ஆரம்பித்தார்கள். இடிக்கும்போது பரணில் இருந்த பித்தளை அண்டா, ஓட்டைச் செம்பு, கைப்பிடி போன குடம் எல்லாம் மூட்டையாக எங்கள் தராசுக்கு வரும். அந்த மூட்டைகளின் அடியில், கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த அழுக்கில், எப்போதாவது ஒரு காசு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுத்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு.

காசைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் எடைக்கு வந்ததுதான். பழைய பேப்பர் கட்டு ஒன்றில் அட்டையில்லாத ஒரு புத்தகம் கிடைத்தது. தமிழ்நாட்டின் பழங்காசுகளைப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். சங்க காலத்துச் சதுரக் காசு, அதில் யானை, மீன், வில் எல்லாம் இருந்தன. பிறகு பல்லவர்கள் வந்தார்கள். அதோடு புத்தகம் கிழிந்துபோயிருந்தது. ஆகவே பல்லவர்களுக்குப் பிறகு இந்த நாட்டை யார் ஆண்டார்கள் என்பது, காசுகளைப் பொறுத்தவரை, எனக்குத் தெரியாது.

நான் ஏழாவது படிக்கும்போது அந்தக் காசு வந்தது. பொத்தான் அளவுக்குச் சின்னது. மேலே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு பக்கம் காளை மாடு தெரிந்தது. புத்தகத்தைத் திறந்தேன், பல்லவர் காளை அதே திமிலோடு அங்கே நின்றது. மறுபக்கம்தான் சண்டை. அப்பா அதை மாட்டு வண்டி என்றார். அம்மா எட்டிப்பார்த்து, முறம் என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள். எனக்கு அது கப்பல். இரண்டு பாய்மரம், கீழே வளைந்த அடிப்பாகம், அதற்குக் கீழே அலை. புத்தகத்தில் கடைசியாகப் பிழைத்திருந்த பக்கத்தில் அப்படி ஒரு காசைப் பற்றி நாலு வரி இருந்தது. மிக அரிதாகக் கிடைப்பது என்றும் போட்டிருந்தது. படம் அடுத்த பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த பக்கம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா தன் போனில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். அம்மாவின் தம்பி. இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. சென்னையில் பெரிய கல்யாண மண்டபத்தில் பழங்காசுக் கண்காட்சி. நாடு முழுவதும் இருந்து வியாபாரிகள், சேகரிப்பாளர்கள் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சேகரிப்பைக் காட்சிக்கு வைக்கலாம், பரிசு உண்டு. மாமா அங்கேயே நின்று என் பெயரைப் பதிந்துவிட்டார்.

அம்மா வருவதாக இல்லை. ஆனால் மாமா நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருவதாகச் சொன்னதும், "இவன் நின்னாலே தூங்குவான், இவன நம்பி பொண்ண மெட்ராசுக்கு அனுப்பச் சொல்றியா?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு, கல்யாணங்களுக்குக் கட்டுகிற பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். நான் தெர்மாகோல் அட்டையில் நீல வெல்வெட் பேப்பர் ஒட்டி, அதன்மேல் காசுகளை இரட்டைப்பக்க டேப்பால் நிறுத்தியிருந்தேன். ஒவ்வொன்றின் கீழும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய சின்னச் சீட்டு. கப்பல் காசு நடுவில், தனியாக. அதன் சீட்டில் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: பல்லவர் காலம். கிடைத்த இடம், எங்கள் அப்பாவின் காயலாங்கடை, ஒரகடம்.

தாம்பரம் வரை பஸ், பிறகு மின்சார ரயில். மாமா ரயிலில் நின்றபடியே தூங்கினார். அட்டையை யாரும் இடித்துவிடாமல் அம்மா தன் முதுகைச் சுவராக்கிக்கொண்டு வந்தாள். முறம் என்று சொன்னவள்தான்.

அந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றுவரை வேறு எந்த இடத்திலும் அனுபவித்ததில்லை. நீளநீளமான மேஜைகள், வெள்ளை விரிப்புகள், ஒவ்வொரு மேஜையிலும் கண்ணாடி போட்ட பெட்டிகள், ஆல்பங்கள். குனிந்து லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். என்னைப் போலவே காசை மோந்து பார்க்கிற ஒரு தாத்தாவைக் கண்டதும் அம்மாவின் புடவையை இழுத்துக் காட்டினேன். ஒரு மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறைய, ஒரு பக்கம் ஆள் நிற்க, மறுபக்கம் ஆள் உட்கார்ந்திருக்கும் செப்புக் காசுகளைக் குவித்துவைத்திருந்தார்கள். என்னிடம் அதே போல ஒன்று இருந்தது. 'யாரோ ஒரு ஆள்' என்று சீட்டு எழுதியிருந்தேன். அது ராஜராஜ சோழன் என்று அங்கேதான் தெரிந்தது. பேசின் கணக்கில் கிடைக்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பிள்ளைகளுக்கான மேஜைகள் ஓரத்தில் இருந்தன. பக்கத்தில் ஒரு பையன், அவன் அப்பா வாங்கிக்கொடுத்த வெள்ளிக் காசுகளை மரப்பெட்டியில் வைத்திருந்தான். அவன் அப்பாவே எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். பையன் போனில் விளையாடினான். மாமா மேடைப் பக்கம் போய், சங்க காலக் காசுகள் பற்றி ஒருவர் உரையாற்றிக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்வரிசையில், ஏ.சி. காற்று நேராக விழும் நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்தாவது நிமிஷம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

நடுவர் வந்தார். நரைத்த தலை, இஸ்திரி போட்ட கதர்ச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பையனின் பெட்டியைப் பார்த்துவிட்டு என் அட்டைக்கு வந்தார். மெதுவாக ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். 'யாரோ ஒரு ஆள்' என்பதைப் படித்ததும் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. பிறகு நடுக் காசுக்கு வந்தார். குனிந்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார்.

"இதக் கொஞ்சம் எடுக்கலாமா பாப்பா?"

எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"புளி போட்டுத் தேச்சியா?"

"ஆமா சார்."

"அடடா. இனிமே தேய்க்காத." மறுபடி லென்ஸ் வைத்தார். "இது என்னன்னு நினைக்கிற?"

"கப்பல் சார்."

"கப்பல்தான்" என்றார். குரல் மாறியிருந்தது. "ரெண்டு பாய்மரம். கப்பலேதான்."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். முறம் என்று சொன்னவள் வாயடைத்து நிற்பதைப் பார்க்க வேண்டாமா? அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது. அதுவரை என் காசுகளைப் பார்த்து அவள் சிரித்ததே இல்லை.

"எங்க கிடைச்சது இது?" என்றார் நடுவர்.

சீட்டிலேயே எழுதியிருந்தேன். ஆனாலும் என் வாயால் சொல்ல ஆசைப்பட்டேன். "எங்க அப்பா காயலாங்கடையில சார். ஒரகடத்துல. பித்தளை மூட்டையில இருந்து நானே எடுத்தேன்."

எதிர் மேஜைக்காரர் எழுந்து வந்தது அப்போதுதான். காசு வியாபாரி. தங்க பிரேஸ்லெட் போட்ட கை. நடுவரின் தோளுக்கு மேல் எட்டி அந்தக் காசைப் பார்த்தார். ஒரு கணம் அவர் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு கணத்தை நான் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகுதான் பெரிதாகச் சிரித்தார்.

"காயலாங்கடையா? சரியாப் போச்சு. அங்க கம்பெனி வயரு, மோட்டாரு எல்லாம் தானா நடந்து வரும்னு கேள்விப்பட்டிருக்கேன். இதுவும் வருதா? எவன் வீட்டு பீரோவோ, எந்தக் கோயில் உண்டியலோ. இதெல்லாம் பின்னால கேஸ் ஆகுற ஐட்டம் சார். போட்டியில வெச்சு நாம மாட்டிக்கக் கூடாது."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது எனக்குப் பாதிதான் விளங்கியது. எங்கள் கடையைப் பற்றித் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறார், விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"அவ சின்னப் பொண்ணு சார், ஏதோ ஒளறுறா. இது எங்கம்மா வூட்டுக் காசு. வாலாஜாபாத்ல எங்க தாத்தா காலத்துல இருந்து கீது."

நான் திகைத்துப்போனேன். அம்மாவின் பிறந்த வீட்டில் இருந்தது ஒரு கோழிக்கூடும் ஒரு பழைய ரேடியோவும்தான்.

"இல்ல சார், அம்மா பொய் சொல்றாங்க! எங்க கடையிலதான் வந்துச்சு. அப்பாவக் கேளுங்க."

அம்மா என் கையைக் கிள்ளினாள். சதையைத் திருகிப் பிடித்து விடாமல் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் வெல்வெட்டிலிருந்து அந்தச் சீட்டைப் பிய்த்துக் கசக்கித் தன் பர்ஸுக்குள் திணித்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய சீட்டு.

"பாருங்க சார்" என்றார் வியாபாரி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. "அம்மா ஒண்ணு சொல்லுது, பொண்ணு ஒண்ணு சொல்லுது."

விழா ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வந்தார். அவர் அவசரத்தில் இருந்தார். "ஏம்மா, இது எங்க இருந்து வந்தது? யாரு குடுத்தாங்க? பில்லு ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க."

"ஏதோ கடைன்னாங்களே, எங்க இருக்கு?"

"கடையே கிடையாதுங்க" என்றாள் அம்மா.

காலையில் அந்தக் கடைக்குள் இருந்த எடைக்கல்லைத் தாண்டித்தான் நாங்கள் வெளியே வந்தோம். புடவையில் கிரீஸ் ஒட்டிவிடும் என்று அம்மா கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். இப்போது கடையே கிடையாது. அப்பாவே கிடையாது என்று சொன்னது போல எனக்கு இருந்தது.

ஏற்பாட்டாளர் நடுவரைப் பார்த்தார். நடுவர் காசை என் அட்டையில் திருப்பி வைத்துவிட்டு, "பாத்துப் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொல்லி அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். ஏற்பாட்டாளரும் போனார். வியாபாரி மட்டும் நின்றார். இப்போது அவர் குரல் இறங்கி, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டது.

"எதுக்கும்மா உங்களுக்கு வம்பு? நாளைக்கு யாராவது வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க? இத எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன். உங்க பேரு எங்கயும் வராது."

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கொத்தமல்லி கொசுறு போடவில்லை என்று காய்கறி வண்டியைத் தெருமுனை வரை துரத்திப்போய் வாங்கி வருகிறவள். பஸ்ஸில் சில்லறை பாக்கி வரும்வரை கண்டக்டரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காதவள். அப்படிப்பட்டவள், டேப்பிலிருந்து அந்தக் காசை நகத்தால் நெம்பி எடுத்து, அந்த ஆளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே வெச்சுக்குங்க சார். எங்களுக்கு வேணாம்."

ஒன்றுமே வாங்காமல். கொசுறுகூட இல்லாமல்.

நான் அழவில்லை. அம்மாவோடு இனி வாழ்நாள் முழுக்கப் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். மதியம் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள். எலுமிச்சை சாதமும் கேசரியும். அம்மா தட்டை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நான் மேலே ஓடிவிட்டேன்.

வியாபாரியின் மேஜையில் என் காசு இருந்தது. ஆல்பத்தின் கண்ணாடிக் காகிதப் பைக்குள், மேல் வரிசையில் தனியாக. கண்ணாடி போட்ட ஒருவருக்கு அதைக் காட்டி அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "வாலாஜாபாத் பக்கம் ஒரு பழைய குடும்பம் சார். அவங்க தாத்தா காலத்துல இருந்து வீட்ல இருந்தது. ஒரே வீட்ல, கை மாறாம."

அம்மா சொன்ன பொய்! அம்மாவின் வாயில் இருந்தபோது கேஸ் ஆகிற பொய், இவர் வாய்க்குப் போனதும் காசின் வரலாறு ஆகிவிட்டது.

"அது எங்க காயலாங்கடையில வந்துச்சு!" என்று கத்தினேன். மண்டபமே திரும்பியது. "எங்க அம்மாவ பயமுறுத்தி வாங்கிக்கினாரு! எங்க காசு அது!"

"யாரு பாப்பா நீ?" என்றார் வியாபாரி. உண்மையிலேயே என்னைத் தெரியாத முகம். அவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை என்பது அப்போது புரிந்தது. சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது.

நடுவர் கைகழுவிவிட்டுக் கைக்குட்டையால் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"சார், நீங்க பாத்தீங்கல்ல. லென்ஸ் வெச்சுப் பாத்தீங்கல்ல. அதே காசு சார். சொல்லுங்க சார்."

அவர் ஆல்பத்தைப் பார்த்தார். அந்த வியாபாரியைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் அதற்குள் வேறு மேஜைக்கு நழுவியிருந்தார். நடுவருக்குத் தெரியும். அந்தக் காசில் புளி பட்ட இடம், படாத இடம் வரைக்கும் அவருக்குத் தெரியும்.

"அம்மாவே விருப்பப்பட்டுக் குடுத்துட்டாங்க இல்லம்மா" என்றார். "நான் இதுல என்ன சொல்ல முடியும்? நீ நல்லா ஆர்வமா இருக்க. நல்லாப் படி. உனக்கு ஒரு பரிசு சொல்லியிருக்கேன்."

என் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்கு அந்தக் கையைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

ஆறுதல் பரிசு என்று என் பெயரைத் தப்பாகப் படித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அம்மா முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மேடையில் ஒரு காலி ஆல்பம் கொடுத்தார்கள். கைதட்டல் சத்தத்தில் விழித்துக்கொண்ட மாமா, நடந்தது எதுவும் தெரியாமல், எழுந்து நின்று எல்லாரையும்விட பலமாகக் கைதட்டினார். விசில்கூட அடித்தார். முதல் பரிசு, போனில் விளையாடிய பையனுக்கு. வாங்கிக்கொண்டது அவன் அப்பா.

திரும்பும்போது பூந்தமல்லி வழியாக வந்தோம், மாமா அன்றிரவும் ஷிப்ட்டுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் நான் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இன்னாக்கா இது? என்ன எழுப்பக் கூடாதா? மூஞ்சிய ஒடச்சிருப்பேன். இப்பவே எறங்கி வேற பஸ்ல போலாம், மண்டபம் மூடியிருக்க மாட்டான்."

"உக்காருடா" என்றாள் அம்மா. "நீ அவன அடிச்சா அவன் யாரக் கூப்புடுவான்? அவங்க வந்து மொதல்ல யாரக் கேப்பாங்க? இன்னா கேப்பாங்க?"

மாமா உட்கார்ந்துவிட்டார். செம்பரம்பாக்கம் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் அவர் இறங்கும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டு, அம்மாவிடம், "மாமாகிட்ட நான் அப்பறமா பேசறேன்" என்றார். அப்பாவைத்தான் அவர் மாமா என்பார். அவரும் கட்சி மாறிவிட்டார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

எனக்கு மிச்சம் இருந்தது அப்பாதான். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் நின்று, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே, ஒன்று விடாமல் சொன்னேன். நடுவர் கப்பல்தான் என்று சொன்னதை இரண்டு முறை சொன்னேன். அம்மா கடையே இல்லை என்று சொன்னதை மூன்று முறை. அப்பா கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. அன்றைக்குப் படுவார் என்று காத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"ஊரு பேரு கேட்டாங்களா?"

"வாலாஜாபாத்னு சொன்னேன். இவதான் ஒரகடம்னு ஒளறிட்டா. சீட்டப் பிச்சு எடுத்துட்டேன்."

"போன் நம்பரு?"

"குடுக்கல."

"நல்ல வேலை பண்ண" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "சாப்டியா கண்ணு?" என்று கேட்டார்.

அன்று நான் சாப்பிடவில்லை. இரண்டு பேரையும் மன்னிக்கவில்லை. யாரோ ஒரு வியாபாரிக்குப் பயந்து என் பெற்றோர் இவ்வளவு கோழைகளாக இருக்கிறார்களே என்று படுக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் மாமாதான் சொன்னார். கண்காட்சிக்கு முந்தின மழைக்காலத்தில், கம்பெனி யூனிபார்ம் சட்டை போட்ட இரண்டு பேர் செம்புக் கேபிள் கொண்டுவந்து அப்பாவிடம் போட்டிருக்கிறார்கள். கழிவு என்று சொல்லி ஒரு சீட்டும் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் போலீஸ் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது. சட்டையைக் கழற்றச் சொல்லி, தரையில் உட்காரவைத்து, ராத்திரி முழுக்க அதையே கேட்டிருக்கிறார்கள். எங்க இருந்து வந்தது, யாரு குடுத்தா, பில்லு எங்க. அந்த இரண்டு பேரும் பிடிபட்ட பிறகுதான் விட்டார்கள். விடும்போது, இனி இந்தப் பக்கம் எது காணாமல் போனாலும் முதலில் உன் கடைக்குத்தான் வருவோம் என்று சொல்லி அனுப்பினார்களாம். எனக்கு அப்போது, அப்பா லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். சேலத்திலிருந்து எனக்கு என்ன வாங்கி வந்தார் என்று கேட்டு நான் அடம்பிடித்தது நினைவிருக்கிறது.

இதைக் கேட்ட பிறகு அம்மாவின் மேலிருந்த கோபம் போய்விட்டது. மற்றவர்கள் மேலிருந்த கோபம் இடம் மாறாமல் அப்படியே இருக்கிறது. ஒரு காசு எங்கே கிடைத்தது என்று கேட்பதில் தவறு இல்லை. காசைப் படிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அன்று அந்த மண்டபத்தில் பேசின் நிறைய ராஜராஜனைக் குவித்துவைத்திருந்தவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. வெள்ளிக் காசுப் பையனின் அப்பாவிடம் கேட்கவில்லை. தங்க பிரேஸ்லெட்டிடம் கேட்கவில்லை. அந்த நூற்றுக்கணக்கான மேஜைகளில், என் அம்மா ஒருத்தியிடம் மட்டும்தான் பில் கேட்டார்கள். வியாபாரி செய்தது அவர் தொழில். காசை அடையாளம் தெரிந்தும், என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போன அந்தப் படித்த கையைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

கண்காட்சிக்குப் போய்வந்த அடுத்த நாளிலிருந்து அப்பாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சாலையில் ஜீப்போ, பைக்கோ, ஏதாவது ஒரு வண்டி எங்கள் கடை முன்னால் வேகம் குறைந்தால், தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். வண்டி தாண்டிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பல வாரங்கள் இப்படியே போயின. பள்ளிவிட்டு வந்ததும் நானும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்வேன். என்னிடம் சொல்லாவிட்டாலும் அப்பா யாரிடமோ பேசி ஏற்பாடு செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. காசைத் திருப்பிக் கொடுக்க யாரோ வரப்போகிறார்கள். அதற்காகத்தான் அப்பா இப்படி ஒவ்வொரு வண்டியையும் எதிர்பார்க்கிறார். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெயிலிலும் அந்தக் கை சில்லென்றிருந்தது. தூரத்தில் ஒரு வண்டி வேகம் குறைந்து எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம், இதுவாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வேன். அப்பாவும் அதையேதான் வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.